உரிமம் எது, சான்றிதழ் எது?

கைத்தொழிலும் சட்டமும் – தொடர் கட்டுரை, பகுதி 9

கடலூர் செம்மண்டலத்திலோ சிதம்பரம் நகரிலோ பல ஆண்டுகள் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தம் பெயருக்குப் பின்னால் எந்த அமைப்பின் சான்று நிற்கப்போகிறது என்பதைத்தான். ஐ.டி.ஐ. சான்றிதழ், திறன் இந்தியா சான்றிதழ், தனியார் பயிற்சி மையங்கள் தரும் டிப்ளமோ, சூரிய மின்தகடு பொருத்தும் பயிற்சிச் சான்று, மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்று எனப் பல தாள்கள் சந்தையில் அருகருகே கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒருவர் தொழிலைக் கற்றிருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கின்றன. தம் பொறுப்பில் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்து கொடுக்கும் உரிமையைத் தருவது ஒரேயொரு வகைத் தாள்தான்: ஒப்பந்ததாரர் உரிமம். இந்த வேறுபாட்டை அறியாமல் பணமும் மாதங்களும் செலவழித்துவிட்டுப் பின்னர் திகைக்கும் இளைஞர்கள் பலர் என்பதால், இப்பகுதி முழுவதும் அதைப் பற்றியே பேசுகிறது.

சட்டத்தின் நிலை தெளிவானது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, நுகர்வோரின் இடத்தில் புதிய மின்னமைப்பை நிறுவுவதையும், இருப்பதை விரிவாக்குவதையும் மாற்றுவதையும், மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைத் தவிர வேறெவரும் செய்யக்கூடாது என்றும், அந்த வேலை தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் நடக்க வேண்டும் என்றும் விதித்தது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளிலும் இதே கருத்து தொடர்கிறது. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, மின்னமைப்பின் திறனையும் தன்மையையும் மாற்றாமல், பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் வேலைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே இப்படிப் பழையதற்குப் பதில் புதியதைப் பொருத்தும் வேலையை மட்டும் செய்பவர் ஒரு பக்கமும், புதுவீட்டின் சுவரில் பைப் பதித்துக் கம்பி இழுத்து டி.பி. எனப்படும் மின்பகிர்வுப் பெட்டி வைத்துக் கொடுப்பவர் மறுபக்கமும் நிற்கிறார்கள். இந்த எல்லையைத் தாண்டி இரண்டாமவராகும் கணமே உரிமம் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளை வழங்குவது சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். தனிமனிதருக்கு அது தரும் தகுதிச் சான்றுகளில் வயரிங் தொழிலுக்கு உரியவை மூன்று. கம்பியாள் உதவியாளருக்கு உரியதைத் தொழிலில் உள்ளவர்கள் 'எச்' என்றும், கம்பியாளருக்கு, அதாவது வயர்மேனுக்கு, உரியதை 'பி லைசன்ஸ்' என்றும், மேற்பார்வையாளருக்கு உரியதை 'சி லைசன்ஸ்' என்றும் சொல்வார்கள். பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, கையால் தொழிலைக் கற்றவருக்கு இதில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது: மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை, வயரிங் தொழிலில் ஐந்தாண்டு அனுபவமும் இருபத்தொரு வயதும் நிரம்பியவர் எழுதலாம், உச்ச வயது வரம்பு இல்லை. தேர்வு அரசு ஐ.டி.ஐ.களில் நடக்கிறது.

முறையாகப் படிக்க இயலுபவருக்கு ஐ.டி.ஐ.யே நேர்வழி. செம்மண்டலத்திலேயே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருப்பதைச் சுற்றுவட்டார இளைஞர்கள் அறிவார்கள். ஆனால் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பும் வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பும் தேறியிருந்தால் போதும் என்பதும், இரண்டும் ஈராண்டுப் படிப்புகள் என்பதும், அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாறாக மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. படிப்பின் முடிவில் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்; அது தன்னளவில் உரிமம் ஆகாது என்றாலும், வாரியத்திடம் கம்பியாளர் தகுதிச் சான்று கேட்பதற்கான உறுதியான அடித்தளம் அதுவே.

2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் சான்றிதழ்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே வேலை தெரிந்தவரின் திறனைச் சோதித்து அங்கீகரிக்கும் முறை ஒன்று அத்திட்டத்தில் உண்டு. நிறுவன வேலைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ விண்ணப்பிப்பவருக்கு அது பயன்படும். அந்தச் சான்றிதழைக் காட்டி ஒப்பந்ததாரராகக் கையெழுத்திட முடியாது. கைவினைஞர்களுக்கான பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள பதினெட்டுத் தொழில்களில் மின்பணி சேரவில்லை. அதன் பெயரைச் சொல்லி எலக்ட்ரீஷியன்களிடம் பதிவுக்கட்டணம் கேட்போர் இருந்தால் அவர்களை நம்ப வேண்டியதில்லை.

தனிமனிதச் சான்றுகளுக்கு மேலே நிற்பது ஒப்பந்ததாரர் உரிமம். அது வேலையின் அளவுக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்பப் பல தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதைப் பெறுபவரிடம் தகுதிச் சான்றுள்ள மேற்பார்வையாளரும் கம்பியாளரும் இருக்க வேண்டும். சோதனைக் கருவிகளும் சொந்தமாக இருக்க வேண்டும். கருவிகள் பற்றிய இந்த நிபந்தனையை வெறும் செலவாகப் பார்ப்பது பெரும் பிழை. மெகர் எனப்படும் காப்புத்தடை அளவியை வைத்து, உயிர்க்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்தும்போது, காப்புத்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. கம்பியின் மேலுறை எங்கேனும் கிழிந்திருந்தாலோ, ஈரச்சுவரில் பதித்த பைப்புக்குள் நீர் இறங்கியிருந்தாலோ, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறையை அளவியின் முள் காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்ததும் மின்வாரியத்துக்குக் கொடுக்கப்படும் பணிநிறைவு அறிக்கையில், ஊர்வழக்கில் டெஸ்ட் ரிப்போர்ட்டில், ஒப்பந்ததாரர் இடும் கையெழுத்துக்குப் பொருள் இந்தச் சோதனைகளைச் செய்துவிட்டேன் என்பதே.

கடலூர் மாவட்டத்தில் இது ஏட்டுச் செய்தி அன்று. தென்பெண்ணையும் கெடிலமும் கடலோடு கலக்கும் தாழ்நிலத்தில் மழைக்காலச் சுவர்கள் வாரக்கணக்கில் உலர்வதில்லை. உப்பேறிய மண் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், புதிதாக இறக்கிய எர்த் பைப் முதல்நாள் சோதனையில் மிக நல்ல அளவைக் காட்டும். அதே உப்பு அந்த இரும்புக் குழாயை அரித்துத் தின்றுவிடுவதால், சில ஆண்டுகளில் நிலத்தொடர்பு பெயரளவுக்கே எஞ்சும். அப்போது வீட்டாரைக் காப்பது, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி ஒன்றுதான். 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்ததுபோன்ற நாள்களில் வீடுகளில் ஜெனரேட்டர் ஓடும். அதைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு இணைப்பில் கோத்துவிட்டால், மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரியப் பணியாளரின் உயிரைப் பறிக்கும். இவற்றையெல்லாம் அறிந்தவர் செய்தாரா என்பதைத்தான் உரிமம் கேட்கிறது.

வருத்தத்துக்குரிய உண்மை என்னவென்றால், உரிமம் இல்லாதவர் செய்த வேலைக்கு, அந்த வீட்டைப் பார்த்தேயிராத ஒப்பந்ததாரர் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடும் வழக்கம் பரவலாக உள்ளது. இது சடங்காகிப்போனதால்தான் புதிதாகத் தொழில் தொடங்குபவரும் உரிமம் எதற்கு என்று கேட்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஜனவரி முதல் வீட்டு மின்வேலைகள் கட்டட விதிகளின் 'பி' (P) பகுதிக்குள் வந்தபோது வேறொரு பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே எலக்ட்ரீஷியனுக்கு அரசு உரிமம் இல்லை. 1956இல் நிறுவப்பட்ட என்.ஐ.சி.இ.ஐ.சி., அதனோடு போட்டியிடும் நாபிட் போன்ற அமைப்புகளுள் ஒன்றில் சேர்ந்தவர் தம் வேலைக்குத் தாமே சான்றளிக்கலாம்; ஆனால் அவர் செய்து முடித்த வேலைகளில் சிலவற்றை அந்த அமைப்பின் மதிப்பீட்டாளர் குறித்த கால இடைவெளியில் நேரில் சென்று சோதிப்பார். நம்முடைய முறை மனிதரின் தகுதியை நுழைவாயிலில் சோதிக்கிறது; செய்த வேலையைப் பின்தொடர்வதில் தளர்ந்துவிடுகிறது. மின் உரிம வாரியம் கடன் வாங்கிக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுவே.

நடைமுறையில், கையில் சிறு முதலீடு மட்டும் உள்ளவர் முதலில் 'எச்' அல்லது 'பி' சான்றைப் பெற்று, உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் ஒருவரின் கீழ் வெளிப்படையாக வேலை எடுத்துச் செய்து, அனுபவத்தை எழுத்தில் பதிந்து வைத்துக்கொண்டு, பின்னர் 'சி' சான்று உள்ள ஒருவரோடு சேர்ந்து ஒப்பந்ததாரர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே வீண்செலவில்லாத வரிசை. சோலார் பயிற்சியும் பிறவும் அதற்குப் பின் வரலாம். கட்டட வேலையில் ஈடுபடும் மின்பணியாளர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும் மறக்கத்தகாதது.

வீடு கட்டுவோருக்கும் ஒரு வேண்டுகோள்: டைல்ஸ் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன், வயரிங் செய்பவரிடம் அவருடைய சான்றின் எண்ணையும், அறிக்கையில் கையெழுத்திடப்போகும் ஒப்பந்ததாரரின் பெயரையும் கேளுங்கள், அந்த ஒப்பந்ததாரர் மெகரோடு ஒருமுறையாவது உங்கள் வீட்டுக்கு வந்த பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.