கேட்கும் முன் எழுத வேண்டிய தாள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் நேரம் பிடிக்கும் பேச்சு. பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. அதற்கு நிதி திரட்ட வேண்டும், எங்கே தொடங்குவது? பெரும்பாலோர் பெயர்ப்பட்டியலில் தொடங்குவார்கள். யாரிடம் பணம் இருக்கிறது, யாருக்கு யாரைத் தெரியும் என்று பேச்சு ஓடும். நான் அதற்கு முந்தைய இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். இந்தப் பணம் எதற்கு? கொடுப்பவருக்கு எதன்மேல் உரிமை கிடையாது? இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதி முடித்த பிறகுதான் முதல் கதவைத் தட்ட வேண்டும்.

மருத்துவமனைக்கு நன்கொடை கேட்பவர் குணமாகி வீடு திரும்பிய நோயாளியைக் காட்டலாம். விடுதிக் கட்டடத்துக்குக் கேட்பவருக்கு அங்கே தங்கிப் படித்த பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். கொள்கை ஆய்வு மையத்துக்கு இந்த இரண்டு பலமும் இல்லை. அதன் மாணவர்கள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் சிலர் மட்டுமே. அது உருவாக்கித் தருவது அறிக்கை. சில நேரம் அரசுக்கும் பிடிக்காத, பணம் கொடுத்தவருக்கும் பிடிக்காத அறிக்கை.

ஆனால் அந்த அறிக்கைக்காகத்தான் மையமே இருக்கிறது. சென்னை அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில், எம்.ஐ.டி.எஸ். என்று சொல்வோமே, அங்கே பேராசிரியராக இருந்த கே. நாகராஜ் விவசாயிகள் தற்கொலை பற்றிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். 1997 முதல் 2006 வரையிலான பத்தாண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தெந்த மாநிலங்களில் அது குவிந்திருக்கிறது என்பதும் தெரியவந்தது. எண்கள் எல்லாம் ஏற்கெனவே அச்சிலேயே இருந்தவைதான். ஆண்டுவாரியாக, மாநிலவாரியாகப் பொறுமையாகக் கோத்துப் பார்க்க ஒருவருக்கு நேரமும் சம்பளமும் ஒரு மேசையும் தேவைப்பட்டன. இப்படிப்பட்ட ஆய்வை எந்தக் கொடையாளரும் தேடிவந்து கேட்க மாட்டார். கேட்காவிட்டாலும் நடக்கும்படியாக நிதியை அமைத்து வைப்பதே திட்டமிடுபவரின் வேலை.

அந்த நிறுவனம் பிறந்த விதமும் இங்கே பொருந்தும். யுனெஸ்கோவில் துணை இயக்குநர் நாயகமாக இருந்து ஓய்வுபெற்ற மால்கம் ஆதிசேஷையா, மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து, தங்கள் சொந்தச் சேமிப்பைப் போட்டு 1971-இல் அதைத் தொடங்கினார். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் நிதியும் தமிழக அரசின் நிதியும் 1977-இல்தான் வந்தன. முதல் பணம் நம்பிக்கை உள்ளவர் கையிலிருந்து வந்தது, பெரிய பணம் அதைப் பார்த்துப் பின்னால் வந்தது. நிதி திரட்டல் எங்கு நடந்தாலும் பெரும்பாலும் இதே வரிசைதான்.

இப்போது, எதற்குப் பணம் என்ற கேள்வி. திட்டப் பணம் வேறு, மூலதனப் பணம் வேறு. ஒரு மாவட்டத்தின் குடிநீர் விநியோகம் பற்றி இரண்டாண்டு ஆய்வு, அதற்கு இத்தனை லட்சம் என்றால் அது திட்டப் பணம். ஆய்வு முடிந்ததும் அதற்கென எடுத்த இளம் ஆய்வாளர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். இரண்டாண்டில் அவர் கற்றதும் அவரோடு போய்விடும். மூலதனப் பணத்தை வங்கியிலும் பத்திரங்களிலும் வைத்து வருமானத்தை மட்டும் செலவழிப்பார்கள். மையத்துக்கு நிலைத்த ஆட்களைத் தருவது இதுதான். இதை விதைநெல்லாகப் பார்க்க வேண்டும். எவ்வளவு முடை வந்தாலும் குத்திச் சோறாக்கக் கூடாது.

இதில் ஒரு கணக்கைப் பலர் தவறவிடுகிறார்கள். 1 கோடி ரூபாய்க்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 7 லட்சம். முழுவதையும் செலவழித்தால் பத்தாண்டுக்குப் பிறகும் அதே 7 லட்சம்தான் வரும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அன்றைய 7 லட்சத்தின் மதிப்பு இன்றைய 4 லட்சத்துக்கும் கீழே. ஒரு காலத்தில் 10,000 ரூபாய் வைப்பில் தொடங்கிய அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இன்று கிடைக்கும் வட்டி 700 ரூபாய். பேச்சாளரின் ரயில் கட்டணத்துக்கே போதாது. அதனால்தான் பெரிய பல்கலைக்கழகங்கள் மூலதனத்தில் ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் மட்டும் எடுத்து, மிச்சத்தை முதலோடு சேர்த்துவிடுகின்றன. நாமும் 4 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மூத்த ஆய்வாளர், இரு உதவியாளர்கள், களப்பயணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30 லட்சம் ஆகும் என்றால் தேவை ஏழரைக் கோடி. ஒரு மனிதரின் சிந்தனைக்கு நிரந்தரமாக இடம் ஒதுக்க இவ்வளவு ஆகிறது. கேட்பதற்குத் தயங்கக் கூடாது. குறைத்துக் கேட்டு வாங்கிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் குறை மையத்தை அரிக்கும்.

சரி, இலக்கு 20 கோடி. அடுத்து வரும் ஆசை, 2,000 பேரிடம் ஆளுக்கு ஒரு லட்சம் வாங்கிவிடலாம் என்பது. அப்படி எங்கும் நடப்பதில்லை. நிதி திரட்டுபவர்கள் போடும் கணக்கு கூம்பு வடிவில் இருக்கும். உச்சியில் 5 கோடி கொடுக்கும் ஒருவர், அடுத்து 2 கோடி வீதம் இருவர், 1 கோடி வீதம் ஐவர். இந்த எட்டுப் பேரோடு 14 கோடி வந்துவிடும். பிறகு 25 லட்சம் கொடுப்பவர் பத்துப் பேர், 5 லட்சம் கொடுப்பவர் நாற்பது பேர். கடைசி ஒன்றரைக் கோடிதான் நூற்றுக்கணக்கான கைகளிலிருந்து வரும். உச்சியில் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று நான்கு பேரையாவது மனதில் வைத்திருக்க வேண்டும். கேட்ட எல்லாரும் தருவதில்லை.

தமிழர்கள் இதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறோம். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் சுந்தரேசன் சம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். ஆறில் ஒரு பங்கு அங்கேயே நிறைந்தது. பின்னர் தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது, அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 15 லட்சம் டாலர். மூன்று கொடைகளில் நாற்பது சதவீதம் தாண்டிவிட்டது. உலகெங்கும் இருந்து வந்த சிறு தொகைகளுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாமல் அது ஓர் இனத்தின் முயற்சியாக ஆகியிருக்காது. ஆனால் தொடங்கிவைத்த இருவர் இல்லையென்றால் சிறு தொகைக்காரர்களுக்கு நம்பிக்கை பிறந்திருக்காது. ஆகவே மேடை போட்டு அறிவிப்பதற்கு முன்பே இலக்கில் பாதியாவது வாக்குறுதியாக வந்திருக்க வேண்டும். வெறுங்கையோடு விழா எடுத்தால், ஓராண்டு கழித்து எவ்வளவு சேர்ந்தது என்று கேட்கிறவருக்குப் பதில் இருக்காது.

சட்டக் கதவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்துமதிப்போ உள்ள கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பல்கலைக்கழக ஆராய்ச்சி என்று சொல்லும் இடத்தில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் ஆகிய நான்குதான் இருக்கின்றன. சமூக அறிவியல் இல்லை. நாட்டின் சட்டங்களையும் திட்டங்களையும் எடைபோடும் துறையை இப்படி வெளியே நிறுத்தியிருப்பது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். இப்போதைக்கு, கல்வி வளர்ச்சி என்ற வேறொரு இனத்தின் கீழ் உதவித்தொகை, பயிற்சி என்று கேட்க இடமுண்டா என்று கணக்காயரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு எல்லாம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக்கே வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பகிரவும் கூடாது. மையம் பல்கலைக்கழகத்தின் உறுப்பா, தனியாகப் பதிவான சங்கமா என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். அதை முதல் வாரத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாள். அதைச் சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். 1961-இல் சார்லஸ் ராபர்ட்சன், மேரி ராபர்ட்சன் தம்பதி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பொதுக்கொள்கைப் பள்ளிக்கு 3.5 கோடி டாலர் கொடுத்தார்கள். மேரி, ஏ அண்ட் பி என்ற பல்பொருள் அங்காடிக் குடும்பத்தின் வாரிசு. அமெரிக்க அரசுப் பணிக்கு, குறிப்பாக வெளியுறவுப் பணிக்கு, இளைஞர்களை உருவாக்குவது நோக்கம். நிதியை மேற்பார்க்கத் தனி அமைப்பு ஒன்று வைத்தார்கள். அதன் குழுவில் பல்கலைக்கழகத்துக்கு நான்கு இடம், குடும்பத்துக்கு மூன்று. நாற்பது ஆண்டுகளில் பணம் பெருகியது, உலகமும் மாறியது. பட்டம் பெற்றவர்களில் போதிய பேர் அரசுப் பணிக்குப் போகவில்லை, பணம் வேறு வேலைகளுக்குப் போகிறது என்று 2002-இல் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். அப்போது சார்லஸும் இல்லை, மேரியும் இல்லை. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று வழக்கறிஞர்கள் பழைய காகிதங்களில் தேடிக்கொண்டிருந்தார்கள். 2008 இறுதியில் சமரசம் ஆனது. நிதியைப் பல்கலைக்கழகம் தன் முழுக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. குடும்பத் தரப்பின் வழக்குச் செலவுக்கு 4 கோடி டாலரும், அரசுப் பணிக்கு இளைஞர்களைத் தயார்செய்யும் புதிய அமைப்பு ஒன்றுக்கு 5 கோடி டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டது. முதலில் வாங்கிய தொகையைவிட இரண்டரை மடங்கு, வெறும் தகராறு தீர்வதற்கு.

இரு தரப்பிலும் கெட்டவர்கள் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். காலம் மாறினால் நோக்கத்தை யார், எப்படி மாற்றுவது என்று 1961-இலேயே தெளிவாக எழுதியிருந்தால் பாதிச் சண்டைக்கு இடமில்லாமல் போயிருக்கும்.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. வர்ஜீனியா மாநில அரசின் பல்கலைக்கழகம் அது. கோக் அறக்கட்டளை உள்ளிட்ட கொடையாளர்களோடு செய்த பழைய ஒப்பந்தங்கள் சில 2018-இல் வெளிவந்தன. பேராசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர்கள் வேலையை மதிப்பிடுவதிலும் கொடையாளர் தரப்புக்குக் குரல் கொடுக்கப்பட்டிருந்தது. கல்விச் சுதந்திரத்துக்கான அளவுகோலை அவை எட்டவில்லை என்று பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் ஆங்கெல் கப்ரேராவே ஒப்புக்கொண்டார். அந்த ஆய்வாளர்களில் நேர்மையாக உழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் எழுதிய நல்ல கட்டுரையைக்கூட இனி ஒருவர் கையில் எடுக்கும்போது, பணம் யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பார். இதைவிடப் பெரிய நஷ்டம் கொள்கை ஆய்வு மையத்துக்கு வேறு வராது.

அதனால் தாளில் இவை இருக்கட்டும். ஆளெடுப்பிலும் ஆய்வுத் தலைப்பிலும் முடிவிலும் கொடையாளருக்குப் பங்கில்லை. அறிக்கை வெளியாகும் அன்றுதான் அவரும் படிப்பார், முன்கூட்டிக் காட்டும் வழக்கம் கிடையாது. ஒப்பந்தம் முழுவதும் யார் கேட்டாலும் பார்க்கக் கிடைக்கும். நோக்கம் காலாவதியானால் எந்தக் குழு, எத்தனை பேர் சம்மதத்தோடு அதைத் திருத்தலாம் என்று ஒரு பத்தி. அவர் நிறுவனம் சம்பந்தப்பட்ட துறையை மையம் ஆராய நேர்ந்தால், கொடையை முதல் பக்கத்திலேயே குறிப்பிடுவோம் என்று ஒரு வரி. பதிலுக்கு அவருக்குச் செய்ய வேண்டியவையும் இருக்கட்டும். ஆண்டுதோறும் தணிக்கைக் கணக்கு, அவர் பணத்தில் யார் என்ன ஆராய்ந்தார்கள் என்ற விரிவான கடிதம், இருக்கைக்கு அவர் விரும்பும் பெயர்.

இந்தத் தாளைத் துணைவேந்தரும் ஆட்சிக்குழுவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகு பட்டியலை எடுங்கள். ஓய்வுபெற்ற அரசுச் செயலாளர்கள், பொருளாதாரம் படித்துத் தொழிலில் முன்னேறிய பழைய மாணவர்கள், தங்கள் ஊரின் பிரச்சினை ஒன்றை நெடுநாளாக மனதில் சுமப்பவர்கள் என்று பெயர்கள் வரும். முதல் சந்திப்பில் தொகை பேச வேண்டாம். தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, மையம் எந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்று கேளுங்கள்; கேட்பது கருத்துக்காக மட்டுமே, தலைப்பை முடிவுசெய்வது மையம்தான். இரண்டாம் சந்திப்புக்கு மையத்தின் இயக்குநரும், ஏற்கெனவே கொடுத்த ஒருவரும் சேர்ந்து போகட்டும். தொகையை ஏற்கெனவே கொடுத்தவர் வாயால் கேட்கட்டும். நிபந்தனைகளைப் படித்துவிட்டு வேண்டாம் என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.