நிறத்தைக் கண்டு மாற்றை மதிப்பிடலாமா?

பிழைப்பை நாடி வெளியூர் வந்த நம் குடும்பங்களில், பெண்ணின் மணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்க்கும் பொன்னே பெருஞ்சேமிப்பு. ஊரிலாயின் பரம்பரையாகப் பழகிய பத்தர் இருப்பார். அவர் சொல்லே நமக்கு உரைகல். மும்பை ஜவேரி பஜாரிலும் டில்லி தரீபா கலானிலும் அத்தகைய பழக்கம் நமக்கில்லை. ஆதலின் நம்மிற் பலர் நிறத்தைக் கொண்டே மாற்றைத் தீர்மானித்துவிடுகிறோம். மஞ்சள் பளிச்சிட்டால் உயர்ந்தது, சிவந்தால் தாழ்ந்தது என்பது நம் எண்ணம். இது சரியன்று.

கலப்பற்ற 24 காரட் பொன் மிக மென்மையானது. நகைக்கு உறுதி வேண்டிப் பிற உலோகம் சேர்க்கின்றனர். 22 காரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கும், 18 காரட்டில் 750 பங்கும், 14 காரட்டில் 585 பங்கும் பொன். எஞ்சிய பங்கில் செம்பு மிகுந்தால் நகை சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறும். எனவே ஒரே மாற்றுடைய இரு சங்கிலிகள் நிறத்தில் வேறுபடலாம். முலாமோ, பித்தளையையும் பொன்போல் மின்னச் செய்யும்.

வெள்ளைத் தங்கம் என்பது பல்லேடியம், நிக்கல் போன்றவை கலந்தது. அதன் மேலுள்ள ரோடியம் பூச்சு நாளடைவில் தேயும், மீண்டும் பூசவேண்டிவரும். நிக்கல் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது.

எட்டுக் கிராம் கொண்ட ஒரு சவரன் 22 காரட் நகையில் சுமார் 7.33 கிராம் பொன் உண்டு. 18 காரட்டில் 6 கிராமே. கல் பதிக்க 18 காரட்டின் உறுதி ஏற்றதே. ஆனால் அதற்கு 22 காரட்டின் விலையைக் கொடுப்பதுதான் நட்டம்.

ஆகையால் நிறத்தை விருப்பத்துக்கு விட்டு, மாற்றை முத்திரையில் காண்போமாக. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகப் பல மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இந்தியத் தர நிர்ணயக் குழுவின் சின்னம், 22கே916 போன்ற மாற்றுக்குறி, எழுத்தும் எண்ணும் விரவிய ஆறிலக்கக் குறியீடு ஆகிய மூன்றும் நகையில் இருத்தல் வேண்டும். அக்குறியீட்டைப் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். வட நாட்டில் பெரிதும் விற்கும் குந்தன், போல்கி நகைகளுக்கு இக்கட்டாயம் இல்லை. அவற்றை வாங்குகையில் கூடுதல் கவனம் தேவை.

எடை, மாற்று, செய்கூலி, கல்லின் விலை ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுவோம். முத்திரையிட்ட நகையில் மாற்றுக் குறைந்திருப்பின், குறைந்த மதிப்பின் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெறுவதற்கு விதியில் இடமுண்டு. பழைய நகைகளையும் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். உழைத்துச் சேர்த்த பொருள் முழுமையாக நம் பெண்களைச் சென்றடையட்டும்.