ஆடு தொடாத இலை

வெள்ளாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அதன் வாய் சும்மா இருக்காது என்பார்கள். கருவேல முள்ளுக்கு நடுவே உதட்டை நீட்டி இலையைப் பறிக்கும். சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைக்கூடக் கிழித்து மெல்லும். அந்த ஆடு, வேலியோரம் தளதளவென்று நிற்கும் ஒரு செடியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஆடு தொடாத செடி என்பதால்தான் அதற்கு ஆடுதொடா என்று பெயர் வந்தது. நாம் ஆடாதோடை என்கிறோம், மலையாளிகள் ஆடலோடகம் என்கிறார்கள். ஆடு மேயாது என்பதற்காகவே இதைத் தோட்டத்தைச் சுற்றி உயிர்வேலியாக நடுவதும் உண்டு.

செடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1753-இல் இதற்கு 'ஜஸ்டிசியா அடாதோடா' என்று பெயரிட்டார். முதல் சொல், ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞரின் நினைவாக வைத்தது. இரண்டாவது சொல்லில் நம் ஊர் ஆடு இருக்கிறது!

செடி ஆளுயரத்துக்கு மேலும் வளரும். இலை ஏறக்குறைய மாவிலை மாதிரி. வெள்ளைப் பூ, இரண்டு உதடாகப் பிளந்திருக்கும். கீழ் உதட்டில் ஊதாக் கோடுகள் ஓடும். தேன் எந்தப் பக்கம் என்று தேனீக்குக் காட்டும் கோடுகள் அவை. நீங்கள் தலையில் வைக்கும் கனகாம்பரம், காய்ச்சலுக்குக் குடிக்கும் நிலவேம்பு, எச்சில் பட்டால் பட்டென்று வெடிக்கும் பட்டாசுக்காய் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான்.

சரி, ஆடு ஏன் தொடவில்லை? இலையில் கசப்பு அதிகம். செடியால் ஓட முடியாது, முட்ட முடியாது. தின்ன வருபவர் முகம் சுளிக்கும்படி ஒரு சரக்கைத் தனக்குள் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுத்தவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் சின்கோனா மரப்பட்டையைச் சோதித்து, அதில் மலேரியா மருந்தான குவினைன் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது அவருடைய அரசாங்க வேலை. 1888-இல் ஆடாதோடை இலையை ஆராய்ந்து, அதிலுள்ள கசப்புப் பொருளுக்கு வாசிசின் என்று பெயரிட்டார். வடமொழியில் இந்தச் செடி வாசா.

இந்தக் கசப்பு இலை சளிக்கு எப்படி மருந்தாகிறது என்று பார்க்க, இனி உங்கள் மூச்சுக்குழாய்க்குள் போவோம். அதன் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. காற்றில் நெற்கதிர் சாய்வதுபோல எல்லாம் ஒரே திசையில் அசையும், ஒரு நொடிக்குப் பத்துத் தடவைக்கும் மேல். அவற்றின் மேல் சளி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். சளி என்றதும் மூக்கைப் பொத்தாதீர்கள்! நாம் இழுக்கும் தூசியும் கிருமியும் அதில்தான் ஒட்டிக்கொள்கின்றன. நுண்மயிர்கள் அதைத் தொண்டைவரை தள்ளிவிடும். நீங்களும் தெரியாமலே விழுங்கிவிடுவீர்கள்.

நெஞ்சுச்சளி பிடித்தால் இந்தப் படலம் ஆறிப்போன கூழ்போலக் கெட்டியாகிவிடும். நுண்மயிர்களால் அதை நகர்த்த முடியாது. அப்போது உடம்பு கையில் எடுக்கும் கடைசி ஆயுதம்தான் இருமல். சளியை இளக்கிவிட்டால் நுண்மயிர்கள் பழையபடி வேலையைத் தொடங்கும். ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துத் தேன் கலந்து பாட்டிமார் கொடுத்தது இதற்குத்தான். சித்த மருத்துவத்தில் ஆடாதோடை மணப்பாகு என்று ஒரு மருந்தே இருக்கிறது, இலைச்சாற்றைச் சர்க்கரைப் பாகாகக் காய்ச்சியது.

வாசிசினின் அமைப்பைப் பார்த்து, அதைச் சற்று மாற்றி, ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் ப்ரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கியது. 1963-இல் அது விற்பனைக்கு வந்தது. கெட்டிச் சளிக்குள் பின்னிக் கிடக்கும் இழைகளை அது தளர்த்துகிறது. ப்ரோம்ஹெக்சின் நம் உடம்புக்குள் போய் ஆம்ப்ராக்சால் என்ற பொருளாக மாறுகிறது. இப்போது அதையும் தனி மருந்தாகவே விற்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு வேலியில் இலை பறிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு இலையில் மருந்து எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதிகமானால் வாந்தி வரும். வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும் என்பதால் கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. காசநோயை ஆடாதோடையே தீர்த்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கிருமியால் வரும் நோய், அதற்கு மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும்.

ஆடு ஒதுக்கியதெல்லாம் மருந்து என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆடுதீண்டாப்பாளை என்று இன்னொரு செடி உண்டு. பெயரைப் பார்த்தாலே ஆடு அதையும் தீண்டாது என்று தெரிகிறது. அதையும் பழைய வைத்தியத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்று ஆராய்ச்சியில் தெரியவந்திருக்கிறது. ஆட்டுக்குத் தெரிந்தது கசப்பு மட்டும்தான். எது மருந்து, எது நஞ்சு என்று பிரித்துச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியில் சளி மருந்துப் புட்டி இருந்தால், அதில் ஒட்டியுள்ள தாளைப் பெரியவர்களோடு சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ப்ரோம்ஹெக்சின் அல்லது ஆம்ப்ராக்சால் என்று இருக்கிறதா பாருங்கள்.