மினரலா, சிந்தெடிக்கா? பிக்கப் வண்டிக்கு எந்த எண்ணெய்?

கிளமெண்டி அவென்யூ 3ல் உள்ள புளோக் 448 சந்தைக்கு அதிகாலையில் போயிருக்கிறீர்களா? காய்கறி, மீன் பெட்டிகளுடன் சிறு லாரிகளும் பிக்கப் வண்டிகளும் வந்து நிற்கும். சுமையை இறக்கியதும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடும். அப்படி ஒரு வண்டியை நம்பித்தான் பல குடும்பங்களின் வருமானம் இருக்கிறது. எஞ்சின் பழுதானால் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளியைத் தொடலாம். வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களிலும் பத்தாண்டு சிஓஇ கரைந்துகொண்டேதான் இருக்கும்.

எஞ்சினைக் காக்கும் முதல் வேலை, காலத்தோடு எண்ணெய் மாற்றுவது. பட்டறைக்குப் போனால் ஒரு கேள்வி வரும்: “மினரலா, சிந்தெடிக்கா?” சிந்தெடிக் விலை கூடியது. கூடுதல் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? நீங்கள் பள்ளியில் படிக்கும் வேதியியலையும் இயற்பியலையும் வைத்தே இதற்கு விடை காணலாம்.

எண்ணெயின் வேலை என்ன?

எஞ்சினுக்குள் உலோகத்தின் மீது உலோகம் வேகமாக நகர்கிறது. நிமிடத்துக்கு 2,000 முறை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் அதே நிமிடத்தில் 2,000 முறை மேலேறி இறங்கும். அந்தப் பரப்புகள் ஒன்றையொன்று உரசாமல் பிரித்து வைப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். பல இடங்களில் அதன் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உராய்வைக் குறைப்பதோடு, எண்ணெய் வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. கரியைத் தன்னுள் பிடித்து வைக்கிறது. அமிலத்தையும் துருவையும் தடுக்கிறது.

பாகு சொல்லும் பாடம்

குலாப் ஜாமூனுக்குக் காய்ச்சும் சர்க்கரைப் பாகு, சூடாக இருக்கும்போது தண்ணீர் போல் ஓடும், ஆறினால் கெட்டியாகும். ஒரு திரவம் ஓட எவ்வளவு மறுக்கிறது என்பதைத்தான் அறிவியலில் பாகுநிலை என்கிறோம். எஞ்சின் எண்ணெயும் பாகு போலவே நடந்துகொள்ளும். 15டபிள்யூ-40 என்ற எண்ணெய் 100 டிகிரி செல்சியசில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய ஏழு மடங்கு கெட்டியாக இருக்கும்.

புட்டியில் உள்ள இந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும். 15டபிள்யூ எண்ணெயை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30 டிகிரியிலும் வைத்து, எஞ்சினைச் சுழற்ற முடியுமா என்று சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள 40, எண்ணெய் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆகவே 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டும் சூடான எஞ்சினுக்குள் ஏறத்தாழ ஒரே பாகுநிலையில்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 1934 ஜனவரியில் பதிவான 19.4 டிகிரி. அப்படியானால் சிந்தெடிக் எண்ணெயின் பெரிய பெருமையான ‘உறைபனியிலும் உடனே ஓடும்’ என்ற குணம் கிளமெண்டியில் தேவைப்படாது. காலையில் எஞ்சினை முடுக்கும்போது 5டபிள்யூ எண்ணெய் சற்று விரைவாக மேலே போய்ச் சேரும். நமக்குக் கிடைக்கும் நன்மை அவ்வளவுதான்.

குறுணை கலந்த அரிசி

வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து கடலைப் பார்த்தால் புலாவ் புக்கோம் தெரியும். சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஷெல் நிறுவனம் 1961ல் அங்கே தொடங்கியது. அதற்கு மேற்கே உள்ள ஜூரோங் தீவில், எஞ்சின் எண்ணெய்க்கு மூலப்பொருளான அடிப்படை எண்ணெயும் தயாராகிறது.

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, மெழுகையும் கந்தகத்தையும் பெருமளவு நீக்கினால் கிடைப்பது மினரல் எண்ணெய். அதில் நீளச் சங்கிலி, குட்டைச் சங்கிலி, கிளைவிட்டவை, வளையங்கள் எனப் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். குறுணை கலந்த அரிசியை உலையில் போட்டால் என்ன ஆகும்? குறுணை குழைந்துவிடும், முழு அரிசி வேகாமல் நிற்கும். மினரல் எண்ணெயும் அப்படித்தான். சிறிய மூலக்கூறுகள் சூட்டில் முதலில் ஆவியாகும். மீதமிருக்கும் மெழுகு குளிரில் முதலில் கெட்டியாகும். உறுதியற்ற மூலக்கூறுகள் ஆக்சிஜனுடன் முதலில் வினைபுரிந்து கசடாகும்.

சிந்தெடிக் எண்ணெயில் மூலக்கூறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இதைப் பெற இரண்டு முக்கிய வழிகள் உண்டு. எத்திலீன் வாயுவிலிருந்து பத்து கார்பன் அணுக்கள் கொண்ட டெசீனை உருவாக்கி, அந்த மூலக்கூறுகளைச் சிலவாக இணைப்பது ஒரு வழி. கச்சா எண்ணெயின் கனமான பகுதியை, அழுத்தமும் வெப்பமும் கொடுத்து, ஹைட்ரஜனால் உடைத்துச் சீராக்குவது இன்னொரு வழி. இந்த இரண்டாம் வகையையும் ‘சிந்தெடிக்’ என்று விளம்பரப்படுத்தலாமா என்று அமெரிக்காவில் இரு நிறுவனங்களுக்கு இடையே தகராறு எழுந்தது. விளம்பரங்களை ஆராயும் அமைப்பு ஒன்று 1999ல் அதற்கு இடம் தந்தது. ஆக, இரண்டு எண்ணெய்களும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகின்றன. ‘சிந்தெடிக்’ என்ற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன.

மெழுகு உறைவது எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் இன்னொன்றில் சூரியகாந்தி எண்ணெயும் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஒன்று கட்டியாகும், மற்றொன்று ஓடும். இரண்டும் எண்ணெய்தான், மூலக்கூறின் வடிவம் வேறு.

நம் ஊரில் சோதனை வெப்பம்தான்

குளிர் நமக்குப் பிரச்சினை இல்லை. வெப்பம் பிரச்சினைதான். இன்றைய டீசல் பிக்கப்புகளில் டர்போ உண்டு. அதன் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 முறைக்கு மேலும் சுழலக்கூடியது. வெளியேறும் புகையின் சூடும் அதைத் தாக்கும். ஆக்சிஜனேற்ற வேகம், வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணிப்பு. 90 டிகிரியில் இருந்த எண்ணெய் 110 டிகிரிக்குப் போனால் நான்கு மடங்கு வேகத்தில் முதுமையடையும். பாரம் ஏற்றி, நின்று நின்று செல்லும் வண்டியில் இது முக்கியம். சிந்தெடிக் எண்ணெய் தன் விலைக்கு ஈடு கொடுப்பது இங்கேதான்.

ஆனால் அது எல்லாவற்றையும் தடுத்துவிடாது. பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து கிளமெண்டிக்குச் சில கிலோமீட்டர்தான். இவ்வளவு குறுகிய ஓட்டத்தில் எண்ணெய் முழுமையாகச் சூடேறாது. எரிதலில் உண்டாகும் நீராவி எண்ணெயில் நீராகத் தங்கிவிடும். எரியாத டீசலும் கலக்கும். கரியும் சேரும். இவை எந்த எண்ணெயையும் விட்டுவைப்பதில்லை. அதனால்தான் கையேடுகள் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ’ என்று சொல்கின்றன.

பெயரைவிட முக்கியமான எழுத்துகள்

2018 ஜனவரி முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் டீசல் வாகனங்கள் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். இத்தகைய வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். பிடித்த கரியை எரித்துவிடலாம். ஆனால் எண்ணெயில் சேர்க்கப்பட்ட உலோகச் சேர்மங்கள் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது, வடிகட்டியை மெல்ல அடைக்கும். எனவே இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். எந்தத் தரக்குறியீடு என்பதை வண்டியின் கையேடு சொல்லும். ‘ஏபிஐ சிகே-4’ என்பது அத்தகைய குறியீடுகளில் ஒன்று.

தரக்குறியீடு பொருந்தாத சிந்தெடிக் எண்ணெய், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வடிகட்டியைக் கெடுக்கலாம். மறுபுறம், வடிகட்டி இல்லாத பழைய வண்டியில், கையேடு அனுமதித்தால், நல்ல மினரல் 15டபிள்யூ-40 எண்ணெயைத் தவறாமல் மாற்றிவந்தால் போதும்.

ஒரு கணக்கு

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். வண்டி ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு முறைக்கு 7 லிட்டர் எண்ணெய். கூலியும் வடிகட்டியும் 50 வெள்ளி. மினரல் லிட்டர் 8 வெள்ளி, சிந்தெடிக் 16 வெள்ளி.

மினரல் எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால்: 4 × (56 + 50) = 424 வெள்ளி.

சிந்தெடிக் எண்ணெயை 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால்: 2 × (112 + 50) = 324 வெள்ளி.

சிந்தெடிக் எண்ணெயையும் 5,000க்கே மாற்றினால்: 4 × 162 = 648 வெள்ளி.

ஒரே எண்ணெய், இரண்டு விதமான செலவு! லாபமா நட்டமா என்பதை முடிவு செய்வது மாற்றும் இடைவெளி. கடும் உழைப்பு வாங்கும் வண்டிக்குக் கையேடு குறைந்த இடைவெளியைச் சொன்னால், எண்ணெய் சிந்தெடிக் என்பதற்காக அதை நீட்டக்கூடாது. உங்கள் வீட்டு வண்டியின் எண்களைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பட்டறைக்குப் போகுமுன்

கையேட்டில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாகுநிலை எண், தரக்குறியீடு, மாற்றும் இடைவெளி. அளவுக் குச்சியில் எண்ணெய் கறுப்பாக இருந்தால் பதற வேண்டாம். டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவிலேயே கறுக்கும். கரியை அது பிடித்து வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். அளவு குறைந்திருந்தால் கவலைப்பட வேண்டும்.

வீட்டிலேயே யாராவது எண்ணெய் மாற்றினால், பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை, வடிகால்கள் வழியாக நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. பழைய எண்ணெயை மூடியுள்ள கலனில் ஊற்றிப் பட்டறையில் கேளுங்கள். உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் அது போய்ச் சேர வேண்டும்.