1981-ல எழுதின கோடு இன்னும் ஓடுது: டர்ன் பேஸ்ட் கேம்ஸ் ஏன் திரும்பி வருது?

போன எபிசோட்ல டர்ன் பேஸ்ட் ஆர்பிஜி பத்தி ரெண்டு வரி பேசினோம். இன்னிக்கு முழுசா அதுதான்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: நீங்க ஒரு அடி, எதிராளி ஒரு அடி. நீங்க பத்து நிமிஷம் யோசிச்சாலும் அரக்கன் பொறுமையா நிப்பான். நடுவுல டீ போட்டுட்டுகூட வரலாம். கைவேகம் வேண்டாம், கணக்குதான் வேணும்.

இந்த வகைக்கு ஒரு பெரிய தாத்தா இருக்கார். பேரு விஸார்ட்ரி. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல படிச்ச ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் ரெண்டு பேரும் ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்காக பாஸ்கல்ல எழுதினது. 1981-ல சர்-டெக் வெளியிட்டாங்க. ஆறு பேர் கொண்ட குழு, பத்து தளம் உள்ள சுரங்கம், ஒவ்வொரு தளமும் 20-க்கு 20 கட்டம். மேப் கிடையாது, கிராஃப் ஷீட் வச்சு நீங்களே வரையணும். வில்லன் பேரு வெர்ட்னா. ஆங்கிலத்துல ஆண்ட்ரூவைத் திருப்பிப் போட்டா அதுதான் வரும்!

இதுல சாவுதான் விஷயமே. உங்க ஆள் செத்தா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் காசு கட்டணும். சடங்கு பலிக்கலன்னா உடம்பு சாம்பல் ஆயிடும். திரும்ப காசு கட்டி, அதுவும் பலிக்கலன்னா அந்த கேரக்டரே போச்சு, நிரந்தரமா. மலோர்னு ஒரு மந்திரம் இருக்கு, சொன்ன இடத்துக்கு குழுவையே கொண்டு போகும். கணக்கு தப்பிப் பாறைக்குள்ள போய் இறங்கினா ஆறு பேரும் காலி. பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணித் தப்பிக்கலாம்னா அதுவும் முடியாது, நடக்கிறதை எல்லாம் கேம் அப்பவே ஃப்ளாப்பியில எழுதிடும். அதனால ஆள் சாகுறது தெரிஞ்சதும் சில பேர் பாய்ஞ்சு போய் டிரைவ் கதவைத் திறந்து ஃப்ளாப்பியை உருவிடுவாங்களாம். ரைட் ஆகுறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்குற கதை!

இந்த கேம் ஜப்பான்ல பெரிய ஹிட். யூஜி ஹோரி இதைப் பார்த்துதான், கூடவே அல்டிமாவையும் பார்த்துதான், 1986-ல டிராகன் குவெஸ்ட் பண்ணார். அடுத்த வருஷம் ஃபைனல் ஃபேன்டஸி. அப்புறம் பட்ஜெட் ஏற ஏற, உலகம் முழுக்க விக்கணும்னா ஆக்‌ஷன் வேணும்ங்கிற நம்பிக்கை வந்துடுச்சு. 2023-ல வந்த ஃபைனல் ஃபேன்டஸி 16 முழு ஆக்‌ஷன் கேம்.

ஆனா அதே ஸ்கொயர் எனிக்ஸ்ல இன்னொரு ரூட்டும் ஓடிட்டு இருந்தது. 2012-ல நின்டெண்டோ 3டிஎஸ்ல பிரேவ்லி டிஃபால்ட் வந்தது. அதோட சண்டை முறை நம்ம இஎம்ஐ மாதிரி: நாலு அடியை ஒரே தடவையில கடன் வாங்கி அடிச்சுடலாம், கடன் தீர்ற வரைக்கும் அடி வாங்கிட்டு சும்மா நிக்கணும். ஜப்பான் ரசிகர்களை மனசுல வச்சுப் பண்ண இந்த கேம் வெளிநாட்டுலயும் நல்லா வித்தது. 2014-ல அப்போதைய தலைவர் யோசுகே மட்சுடா ஒரு பேட்டியில, உலகம் முழுக்க எல்லாருக்கும் பிடிக்கணும்னு பண்ணப் போய் கம்பெனி திசை தவறிடுச்சுங்கிற மாதிரி பேசினார். ஒரு பப்ளிஷர் வெளிப்படையா இப்படிச் சொல்றது அபூர்வம்.

அந்த வழியில வந்ததுதான் 2018 ஜூலையில ஆக்டோபாத் டிராவலர். பழைய பிக்சல் ஆட்கள், சுத்தி 3டி உலகம். இதுக்கு ஹெச்டி-2டின்னு பேரு வச்சாங்க. மலிவா முடிச்சுட்டாங்கன்னு நினைக்காதீங்க, வெளிச்சம், நிழல், தண்ணி எல்லாம் அன்ரியல் எஞ்சின்ல ஓடுது. ஒரு மாசத்துக்குள்ள பத்து லட்சம் காப்பி தாண்டுச்சு. 1994-ல ஜப்பானோட நின்னுபோன லைவ் அ லைவ், 2022-ல இதே பாணியில முதல் தடவையா ஆங்கிலத்துல அதிகாரபூர்வமா வந்தது. 28 வருஷம்!

இதோட கணக்கு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் ரொம்ப எளிமை. கடை அலமாரியில இடம் பிடிக்க வேண்டாம், டவுன்லோடா விக்கலாம். சின்னக் கூட்டம்தான், ஆனா முழு விலை கொடுத்து வாங்குற கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஏத்த அளவுல பட்ஜெட் போட்டா நஷ்டம் வராது. எல்லாருக்கும் பிடிக்கணும்னு ஆரம்பிச்சாதான் சிக்கல்.

எனக்கு இதுல பெரிய கேள்வி வேற. திரும்பக் கொண்டு வரும்போது எதை வச்சுக்கிறது, எதைத் தூக்கிப் போடுறது? தாத்தா விஸார்ட்ரியை டிஜிட்டல் எக்லிப்ஸ் 2024-ல ரீமேக் பண்ணாங்க. புது கிராஃபிக்ஸ், புது இசை (அந்த இசைக்கு கிராமி கிடைச்சது). ஆனா அடியில ஓடுறது 1981-ல எழுதின அதே ஆப்பிள் டூ கோடுதான். நீங்க விளையாடும்போதே பழைய திரையையும் கூடவே பாத்துக்கலாம். நம்ம ஆபீஸ்ல லெகசி கோடைத் தொட பயந்து மேல ஒரு புது யூஐ மாட்டுவோமே, அதேதான். ஆனா இங்க பயத்துல பண்ணல, மரியாதையில பண்ணியிருக்காங்க. பகடை எப்படி உருண்டுச்சோ அப்படியே உருளும். சில கொடூரமான பழைய விதிகளை மட்டும் வேணும்னா ஆன் பண்ணிக்கலாம், வேண்டாம்னா ஆஃப்.

அந்த கோடு கையில இல்லன்னா? பால்டர்ஸ் கேட், ஐஸ்விண்ட் டேல் எல்லாத்தையும் புதுப்பிச்ச பீம்டாக் கம்பெனிக்கு, 2002-ல வந்த ஐஸ்விண்ட் டேல் 2-வோட சோர்ஸ் கோடு கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை. அந்த ரீமாஸ்டர் வரல. எத்தனை ரசிகர்கள் காசோட காத்திருந்தாலும் பேக்கப் எடுக்காத ஒரு ஹார்ட் டிஸ்க் முன்னாடி ஒண்ணும் பண்ண முடியாது.

சரி, விளையாடிப் பாக்கணும்னு இருக்கிறவங்களுக்கு. ஆக்டோபாத்துக்கு ஸ்விட்ச்ல இலவச டெமோ இருக்கு, அங்க ஆரம்பிக்கலாம். நேரா விஸார்ட்ரிக்குப் போறவங்க, வைத்தியம் தெரிஞ்ச ஒரு பூசாரியையும், பெட்டி திறக்க ஒரு திருடனையும் கண்டிப்பா குழுவுல சேருங்க. முதல் நாள் ஒரே ஒரு சண்டை போடுங்க, உடனே படியேறி ஊருக்குத் திரும்பிடுங்க. ரெண்டாவது சண்டைக்கு ஆசை வரும். போகாதீங்க.