‘புரோஷர்ல சும்மா போட்டது சார்!’ என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் பல குடும்பங்களுக்கு வீடு உண்டு. சொந்த வீடு கிடையாது. 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (இன்றைய என்எல்சி இந்தியா) தன் ஊழியர்களுக்காக வட்டம் வட்டமாக அமைத்த ஊர் இது. குவார்ட்டர்ஸ் நிறுவனத்துடையது. ரிட்டயர்மென்ட் வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தை நம்பி வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கம் ஒரு மனை தேடுவது இங்கே பலருக்கும் வழக்கம்.

அந்தத் தேடலில் முதலில் கைக்கு வருவது ஒரு வழவழப்பான புரோஷர். ‘40 அடி சாலை’, ‘பூங்கா’, ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்’. பணம் கட்டிய பிறகு பூங்காவைக் காணோம் என்று கேட்டால், ‘அது புரோஷர்ல சும்மா போட்டது சார்’ என்று பதில் வரலாம். அந்தப் பதில் சட்டப்படி செல்லுமா? செல்லாது. மனை விற்பவர் மட்டுமல்ல, டியூஷன் சென்டர், கேட்டரிங், பல் கிளினிக் என எதற்கு புரோஷர் அடிப்பவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடு, மனை விற்பனைக்கு 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) இருக்கிறது. விளம்பரம் என்றால் பேப்பரிலும் டிவியிலும் வருவது மட்டும் என்று அது சொல்லவில்லை. நோட்டீஸ், சுற்றறிக்கை என எந்த வடிவில் இருந்தாலும் விளம்பரம்தான்.

அதன் 12-வது பிரிவு முக்கியமானது. விளம்பரத்திலோ விளக்கக் கையேட்டிலோ இருந்த பொய்யான தகவலை நம்பி ஒருவர் பணம் கட்டி நஷ்டப்பட்டால், விற்றவர் இழப்பீடு தர வேண்டும். வாங்கியவர் ‘இந்த மனையே வேண்டாம்’ என்று விலகினால், கட்டிய முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் உள்ள நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதற்கு ரெரா பதிவு தேவை. பதிவு வாங்கும் முன் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் கூடாது.

கோச்சிங் சென்டருக்கும் இது பொருந்துமா?

ரெரா பொருந்தாது, ஆனால் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதில் விளம்பரம் என்ற சொல்லுக்குள் நோட்டீஸ், லேபிள், ஏன், பில்லும்கூட அடங்கும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

கோச்சிங் சென்டர்களுக்கென்றே 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல்கள் வந்தன. தேர்ச்சி பெற்ற மாணவரின் பெயர், படம், ரேங்க் ஆகியவற்றைப் போட வேண்டுமானால், ரிசல்ட் வந்த பிறகு அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அவர் எந்தக் கோர்ஸ் படித்தார், எவ்வளவு காலம் படித்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவரை ‘எங்கள் மாணவர்’ என்று அட்டையில் போடும் வேலைக்கு இது முற்றுப்புள்ளி.

அடுத்தது எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது. மேலே தமிழில் கொட்டை எழுத்தில் சலுகை, கீழே எறும்பு ஊர்வதுபோல ஆங்கிலத்தில் நிபந்தனை என்பது பழகிப்போன ஸ்டைல். 2022 ஜூன் மாதம் வெளியான விளம்பர வழிகாட்டுதல்களின்படி, சலுகை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும், எழுத்துருவும் அதேதான்.

அப்போ நல்ல புரோஷர் எப்படி இருக்கும்?

நெய்வேலியிலேயே ஒரு மாதிரி உண்டு. 1998-ல் தொடங்கிய என்எல்சியின் புத்தகக் கண்காட்சியில், பதிப்பகங்களின் ஸ்டால்களில் கிடைக்கும் விலைப்பட்டியலைப் பாருங்கள். புத்தகத்தின் பெயர், எழுதியவர், விலை, பதிப்பகத்தின் போன் நம்பர்; பெரும்பாலும் அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோய் வேண்டியதை டிக் அடித்து, மறுநாள் வந்து வாங்கலாம். புரோஷரின் வேலையே இதுதான். விற்பவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், வீட்டில் உட்கார்ந்து முடிவெடுப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே டிசைனருக்குப் போன் போடும் முன், வாடிக்கையாளர் வழக்கமாகக் கேட்கும் ஐந்தாறு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். என்ன விலை? அதில் என்னென்ன அடங்கும்? எது அடங்காது? எங்கே, எத்தனை மணிக்கு? பிடிக்காவிட்டால் பணம் திரும்பி வருமா? இந்தப் பதில்கள்தான் புரோஷர். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ எந்தக் கேள்விக்கும் பதில் ஆகாது.

‘5 நிமிடம்’ என்பதற்குப் பதில் ‘2.5 கி.மீ.’ என்று போடுங்கள். நிமிடம் பைக்குக்கும் பஸ்ஸுக்கும் மாறும், தூரம் மாறாது. இன்னும் கட்டாத பூங்காவின் கம்ப்யூட்டர் படத்தைப் போட்டால், அதன் கீழேயே ‘மாதிரிப் படம்’ என்று படிக்கிற அளவில் எழுதுங்கள்.

பிரஸ்ஸுக்குப் போகும் முன்...

அதிகம் புழங்குவது ஏ4 தாளை மூன்றாக மடிப்பது. ஆறு பக்கம் கிடைக்கும். உள்ளே மடியும் பக்கத்தை மற்றவற்றைவிட 2 மி.மீ. குறைவாக வைக்காவிட்டால் மடிப்பு உப்பிக்கொண்டு நிற்கும். ஓரத்தில் வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதல் விட வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தை அப்படியே போட்டால் அச்சில் மங்கும். ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். சில நூறு பிரதிகளுக்கு டிஜிட்டல் பிரின்ட் போதும். ஆஃப்செட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி பிளேட் செலவு இருப்பதால், ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும்.

தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. செல்போனில் யூனிகோடில் டைப் செய்த வரியை, பழைய எழுத்துருவில் வேலை செய்யும் டிசைனர் மாற்றிப் போடும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அதனால் ஸ்க்ரீனில் பார்த்து ஓகே சொல்லாமல், தாளில் ஒரு புரூஃப் எடுத்து வேறொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். போன் நம்பருக்கு ஒரு கால் அடித்துப் பாருங்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். ஆர்ச் கேட்டில் ஒரு கட்டும் கண்காட்சியில் ஒரு கட்டும் கொடுப்பதாக இருந்தால், இரண்டிலும் வேறு வேறு குறியீடு போடுங்கள். எது விசாரணையைக் கொண்டுவந்தது என்று அப்போதுதான் தெரியும்.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

புரோஷரைத் தூக்கிப் போடாதீர்கள். யார், எந்தத் தேதியில் கொடுத்தார் என்று பின்னால் எழுதி, இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். ரெரா எண் இருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள லேஅவுட் வரைபடத்தில் அந்தப் பூங்கா இருக்கிறதா என்று பாருங்கள். ‘நம்பர் அப்புறம் வந்துடும், இப்ப டோக்கன் போடுங்க’ என்றால் டோக்கன் போட வேண்டாம். மனை தொடர்பாக அந்த ஆணையத்திலும், மற்ற விளம்பரங்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

புரோஷர் அடிப்பவருக்கு ஒரே ஒரு சோதனை போதும். ஒவ்வொரு வரியையும் படித்து, ‘இதைக் கையில் பிடித்துக்கொண்டு நாளைக்கு ஒருவர் வந்து நின்றால் கொடுக்க முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாத வரியை நீக்க புரூஃபில் ஒரு பேனா போதும். அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை.