ஊரும் ஒருவரும்

நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: "ஊரோட ஒத்தோடு, ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடு." இதன் முதல் பாதியைக் கேட்காமல் கரமனையில் வளர்ந்தவர் யாரும் இருக்க முடியாது. இரண்டாவது பாதியைச் சொல்லிக் கேட்பதுதான் அபூர்வம். ஒருவன் தனியாக ஓடினால் அவனைப் பிடித்து நிறுத்து என்று பழமொழி சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போ என்றும் சொல்லவில்லை. "ஏனப்பா ஓடுகிறாய்?" என்று கேள் என்கிறது. சமூக மாற்றம் எப்படிப் பிறக்கிறது, பிறந்தது எப்படி நிலைக்கிறது என்பதற்கு இந்த இரண்டு பாதிகளும் சேர்ந்துதான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது வெறும் தத்துவ விசாரம் அல்ல. கரமனை ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போகும் ரோடு நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்குப் போகிறது. 1956 நவம்பர் 1-க்கு முன்பு அது ஒரே ஆட்சிக்குள் ஓடிய ரோடு. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. நம்மில் பலர் ஊர் பெயர்ந்து வந்தவர்கள். இருந்த இடத்திலேயே இருந்து சிறுபான்மை ஆனவர்களும் உண்டு. எப்படி ஆனாலும், எண்ணிக்கை குறைந்தால் நெருக்கம் கூடும். ஒரு வீட்டில் துக்கம் என்றால் தெருவே வந்து நிற்கும். அதே தெருதான், யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள் என்றும் பார்த்துக்கொண்டிருக்கும். நெருக்கத்தின் நன்மையும் தொந்தரவும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன.

இந்த இரண்டையும் சமன் செய்த ஒருவர், இதே ரோட்டின் தென்கோடியில் வாழ்ந்தார். அவர் அய்யா வைகுண்டர். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலுள்ள சாமித்தோப்பில் 1809-ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டி வந்தது. ஒரு மனிதனுக்குச் சொந்தமான முதல் பொருள் அவன் பெயர். அதற்கே ஊரின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. தெற்குத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. தலைவரி கட்ட வேண்டும், கூலியில்லாத ஊழியமும் செய்ய வேண்டும்.

வைகுண்டர் இதற்கு எதிராகப் பேசினார். கூட்டம் சேர்ந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1838-ல், அவரைப் பிடித்து வந்து திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள், 1839-ல் விடுதலையானார். 'உன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக ஒப்புக்கொண்டால் விடுகிறோம்' என்று நிபந்தனை போட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் அய்யாவழி மரபு சொல்கிறது. நம் விஷயத்துக்கு இது முக்கியம். தன் கூட்டத்துக்குள் மட்டும் பெரியவராக இருந்துகொள்ள யாருக்கும் ஆட்சேபணை இருந்திருக்காது. அவர் அதற்கு ஒப்பவில்லை.

ஆனால் துணிந்து பேசியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பலருடைய பேச்சு அவர்களோடு போய்விட்டது. வைகுண்டருடையது ஏன் நிலைத்தது? அவர் ஏற்படுத்திய பழக்கங்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

முதலாவது தலைப்பாகை. தலையில் துணி கட்டி மரியாதையாக நிற்கும் உரிமை மறுக்கப்பட்ட மக்களிடம், வழிபடும்போது ஆண்கள் தலைப்பாகை கட்ட வேண்டும் என்றார். தனியாக ஒருவன் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் அடி விழும். எல்லோரும் கட்டினால் அது வழிபாட்டு முறை! தனி மனிதனின் மானத்தை ஊர் வழக்கமாக்கிவிட்டார். சாமித்தோப்பில் இன்றும் அப்படித்தான்.

இரண்டாவது கண்ணாடி. அய்யாவழிப் பதிகளின் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும். கும்பிட நிற்பவனுக்குத் தெரிவது அவன் முகம். உன்னைத் தீண்டக் கூடாது என்று ஊர் சொல்லும்போது, உனக்குள்ளே தெய்வம் இருக்கிறது என்பதைப் பிரசங்கம் இல்லாமலே சொல்லும் ஏற்பாடு அது.

கண்ணாடியோடு நின்றிருந்தால் ஒவ்வொருவரும் தம்மைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதனால்தான் மூன்றாவதாகப் பந்தியும் கிணறும் வந்தன. கன்னியாகுமரிக்கு அருகே கடற்கரையில் துவையல் தவசு நடந்தது. ஏறக்குறைய 700 குடும்பங்கள் சேர்ந்து தங்கி, துணி துவைத்து, நீராடி, ஒரு வேளை மரக்கறி உணவு உண்டு வாழ்ந்ததாக மரபு. 'அசுத்தக்காரர்கள்' என்ற வசவுக்கு வாயால் பதில் சொல்லாமல் வாழ்ந்து காட்டினார்கள். சாமித்தோப்பின் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே தண்ணீரை எடுத்தார்கள். சேர்ந்து உண்டார்கள். ஊர் ஊராக நிழல்தாங்கல்கள் எழுந்தன. வழிபாட்டோடு எழுத்தும் அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்டது. 1851-ல் அவர் மறைந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்க வண்டி தயாராகிவிட்டது.

மாற்றம் அவர் ஒருவரால் மட்டும் வந்தது என்று சொன்னால் அது சரித்திரம் ஆகாது. மேலாடைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். மிஷனரிகள் துணை நின்றார்கள். பிரிட்டிஷ் அரசும் நெருக்கியது. 1859-ல் நாடார் பெண்கள் மேலுடம்பை மூட அனுமதித்து அரச விளம்பரம் வந்தது. உத்தரவு மேலிருந்து வந்தாலும், அதைப் பயமில்லாமல் அனுபவிக்க நிமிர்ந்த தலை வேண்டும். அந்தத் தலைகளைத் தயார் செய்ததில் வைகுண்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

கரமனைக்குப் பக்கத்திலேயே, தைக்காட்டில், இன்னொரு தமிழர் இதைத் தொடர்ந்தார். சுப்பராயர் என்ற தைக்காடு அய்யா, பிரிட்டிஷ் ரெஸிடென்ஸியில் 1873 முதல் 1909-ல் மறையும் வரை சூப்பிரண்டாக இருந்தவர். உத்தியோகஸ்தர், குடும்பஸ்தர். ஊரை விட்டு அவர் காட்டுக்குப் போகவில்லை. சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் கற்றார்கள். தைப்பூசத்தன்று எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். அய்யன்காளியும் அதில் உண்டார். வசை நிறைய வந்தது. பந்தி நிற்கவில்லை. பின்னால் நாராயண குரு 1927-ல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது.

இனி நம்மைப் பார்ப்போம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெண் வேற்று மொழிக்காரரை, வேறு சாதியில், கல்யாணம் செய்துகொண்டாள். யாரும் சண்டை போடவில்லை. பொங்கல் விழா அழைப்பிதழ் மட்டும் வரவில்லை. அவள் குழந்தைக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தர ஆசைப்பட்டாள். எங்கே கூட்டிப் போவது என்று தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, தெருவில் மூத்த மாமி ஒருத்தர், "நீ ஏன்டி வர்றதில்லை? வா, என் பக்கத்துல உக்காரு" என்று கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்து வந்தார். மாமி பக்கத்தில் உட்கார்ந்தவளை யார் என்ன சொல்ல முடியும்? அந்தக் குழந்தை இப்போது தமிழ் வாசிக்கிறது. 'கேட்டு ஓடு' என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

சங்கம் என்றால் கட்டுப்பாடு வேண்டும். இல்லாவிட்டால் நாலு நாளில் கலைந்துபோகும். ஆனால் எதைக் கட்டிக்காக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மொழி, சேர்ந்து உண்பது, ஆபத்துக்கு உதவுவது: இவற்றை விடக் கூடாது. யார் யாரைக் கட்டுகிறார்கள், பெண் என்ன படிக்கிறாள், விதவை மேடையில் விளக்கேற்றலாமா என்பவற்றில் ஊருக்கு வேலையில்லை. பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட நம் பிள்ளைகள் திரும்பி வராததற்கு வேலை மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். "அங்க வந்தா எல்லாரும் கேள்வி கேப்பாங்க" என்கிறார்கள். விசாரணைக்கும் விசாரிப்புக்கும் வித்தியாசம் உண்டு. அவர்கள் பயப்படுவது முதலாவதற்கு, ஏங்குவது இரண்டாவதற்கு.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரை உதறிவிட்டுத் தனியாக இருப்பது எளிது. அதனால் நீங்கள் மட்டும்தான் மாறுவீர்கள். ஊரும் மாற வேண்டுமென்றால் பந்தியில் வந்து உட்காருங்கள். உட்கார்ந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வரும் பொங்கலுக்கு ஒவ்வொரு உறுப்பினரும், சில வருஷங்களாக வராத ஒரு குடும்பத்தை நேரில் போய் அழைத்து வருவது என்று வைத்துக்கொள்ளலாமே. தீர்மானம் வேண்டாம், மேடை வேண்டாம். ஓர் இலை கூடுதலாகப் போட்டால் போதும்.